வெளிவரவுள்ள ஆய்வுநூல்களை வன்னியிலிருந்து பின்தொடர்வது எப்படி

ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒரு நூலை வெளியிடப்போவதாக அறிவிக்கும் நாளுக்கும், அந்த நூல் அச்சாகிக் கடைக்கு வரும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் பல மாதங்கள் இருக்கும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் இருந்துகொண்டு ஆய்வுநூல்களை வாசிக்க விரும்புகின்றவர்களுக்கு இந்த இடைவெளியே மிகப் பெறுமதியான காலம் என்பது என்னுடைய அனுபவம். நூல் வெளிவந்த பின்னர் தேடத் தொடங்கினால் விலை தீர்மானிக்கப்பட்டிருக்கும், நூலகத்தின் அவ்வாண்டுப் பணம் செலவாகியிருக்கும், கொழும்புக் கடைக்காரர் தருவித்த ஓரிரு பிரதிகளும் விற்றுப்போயிருக்கும். அறிவிப்பு வந்த கையோடு விசாரிப்பவருக்கு இந்தக் கதவுகளில் பல இன்னும் திறந்தே இருக்கும்.

நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்குப் பல ஆண்டுகளாக நூல் தெரிவு செய்து கொடுத்து வருகிறேன். 2009க்குப் பின்னர் எங்கள் நிலத்தைப் பற்றி, இடப்பெயர்வு, மீள்குடியேற்றம், காணி, குளம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், நினைவுகூரல் என்று பல பொருள்களில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் நூல்களை வெளியிட்டு வருகின்றன. அந்த ஆய்வாளர்களுக்கு வாய்மொழி கொடுத்தவர்கள், தேநீர் வைத்துக் கொடுத்தவர்கள், மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று குளக்கட்டைக் காட்டியவர்கள் பலர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். தாங்கள் சொன்னது எந்தப் பக்கத்தில் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதை அவர்களில் மிகச் சிலரே கண்டிருக்கிறார்கள். இந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே, வெளிவரவுள்ள நூல்களை அறிவித்துப் பதிப்பகங்கள் வெளியிடும் பட்டியல்களை நான் பார்க்கத் தொடங்கினேன். அதில் கற்றுக்கொண்டதைக் கீழே எழுதுகிறேன்.

இரண்டு போகம்

முதலில் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஏனைய பதிப்பகங்களிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒக்ஸ்போர்டில் முதல் நூல் அச்சானது 1478இல். கேம்பிரிட்ஜுக்கு அச்சிடும் உரிமை அரச பத்திரத்தின் மூலம் கிடைத்தது 1534இல். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் 1878இலும், ஹாவர்ட் 1913இலும் பதிப்பகம் தொடங்கின. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான வழமை என்னவென்றால், கையெழுத்துப் பிரதி வந்ததும் அத்துறையை அறிந்த, பதிப்பகத்துக்கு வெளியே உள்ள இருவர் அல்லது மூவரிடம் அது வாசிக்கக் கொடுக்கப்படும். அவர்களுடைய அறிக்கைக்கு ஆசிரியர் பதில் எழுதித் திருத்த வேண்டும். அதன் பின்னர் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கொண்ட குழு ஒன்று சம்மதித்தால் மட்டுமே நூல் ஏற்கப்படும். அதற்குப் பிறகும் மொழித்திருத்தம், பக்க அமைப்பு, மெய்ப்பு, சொல்லடைவு என்று ஏறத்தாழ ஓர் ஆண்டு வேலை இருக்கிறது. நூல் பட்டியலில் தோன்றுவது இந்தக் கடைசி ஆண்டின் நடுவில். ஆகவே பட்டியலில் கண்ட நூலின் உள்ளடக்கம் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். பக்க எண்ணிக்கை, அட்டை, வெளிவரும் மாதம், சில வேளைகளில் தலைப்பும்கூட, இன்னும் மாறக்கூடியவை.

ஆங்கிலப் பட்டியல்கள் பொதுவாக ஆண்டுக்கு இரண்டு. வசந்தகாலப் பட்டியல் என்பது தை அல்லது மாசி தொடக்கம் ஆனி, ஆடி வரை வெளிவரும் நூல்களுக்கானது. அது முந்திய ஆண்டின் ஐப்பசி, கார்த்திகை அளவில் வெளியாகும். இலையுதிர்காலப் பட்டியல் என்பது ஆடி, ஆவணி தொடக்கம் மார்கழி வரையான நூல்களுக்கானது. அது சித்திரையை ஒட்டி வெளியாகும். நமக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் காலபோகமும் சிறுபோகமும் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு எளிதாக மனத்தில் நிற்கும். காலபோகத்துக்கு வயல் விதைக்கும் நாட்களில் ஒரு பட்டியலையும், சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடக் கூட்டம் கூடும் நாட்களில் மற்றப் பட்டியலையும் பார்த்துவிடுவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கால ஒழுங்கில் நமக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. நமது பொது நூலகங்கள் பெரும்பாலும் பிரதேச சபைகளின் கீழ் இயங்குகின்றன. சபையின் நிதியாண்டு தை முதல் மார்கழி வரை. அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் சமர்ப்பிக்கப்படுகிறது. வசந்தகாலப் பட்டியல் வெளியாவது அதற்குச் சற்று முன்னர்தான். அந்த நேரத்தில் நூலகரிடம் ஐந்து நூல்களின் விவரத்தை எழுத்தில் கொடுத்தால், அவர் அதை வைத்துப் பணம் கேட்க முடியும். பங்குனியில் போய்க் கேட்டால், அவர் எவ்வளவு நல்ல மனமுள்ளவராக இருந்தாலும், அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு பதிவை வாசிப்பது

பட்டியலில் ஒரு நூலுக்கு அரைப் பக்கம் அல்லது ஒரு பக்கம் கொடுத்திருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் தலைப்பையும் அட்டைப் படத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் நமக்கு வேண்டியவை அடியில் சிறிய எழுத்தில் உள்ள இரண்டு மூன்று வரிகளில்தான் இருக்கின்றன.

தலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கில ஆய்வுநூல்களின் பெருந்தலைப்பு பெரும்பாலும் உருவகமாக இருக்கும். அதிலிருந்து எதுவும் தெரியாது. முக்காற்புள்ளிக்குப் பின்னர் வரும் உபதலைப்பில்தான் இடமும் காலமும் பொருளும் இருக்கும். உபதலைப்பிலும் வன்னி என்ற பெயர் வருவது அரிது. பதிப்பகங்கள் தொலைவில் உள்ள வாசகருக்காக இலங்கை என்றோ, தெற்காசியா என்றோ, இந்து சமுத்திரம் என்றோ பெரிய பெயரைப் போடுகின்றன. அதனால் சுருக்கவுரையையும் ஆசிரியர் குறிப்பையும் முழுமையாக வாசிக்க வேண்டும். இணையத்தில் தேடும்போது வன்னி என்பதை ஆங்கிலத்தில் ‘வி’ எழுத்தில் தொடங்கி ஒருமுறையும், ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கி இன்னொரு முறையும் தேட வேண்டும். ஆய்வாளர்கள் இரண்டு எழுத்துக்கூட்டல்களையும் கையாளுகின்றனர். முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய பெயர்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துக்கூட்டல்கள் உண்டு. வரலாற்று நூலானால் இலங்கையின் பழைய ஆங்கிலப் பெயராகிய ‘சிலோன்’ என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்தத் துறையின் கீழ் தேடுவது என்பது அதைவிட முக்கியமானது. நான் முதலில் வரலாறு என்ற பகுதியை மட்டுமே பார்த்து வந்தேன். பின்னர்தான், நமக்கு மிக நெருக்கமான நூல்கள் மானிடவியல், புவியியல், சட்டமும் மனித உரிமையும், சமயம், பால்நிலைக் கற்கை, சூழலியல், தொல்லியல் என்ற தலைப்புகளின் கீழ் சிதறிக் கிடப்பதைக் கண்டுகொண்டேன். நீர்ப்பாசனம் பற்றிய ஒரு தொகுப்பு நூலில் இரணைமடுவைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கலாம். அகதிகளைப் பற்றிய நூலில் மெனிக் பாம் முகாமைப் பற்றிப் பாதி இருக்கலாம். தொகுப்பு நூல் என்றால், பதிப்பகத்தின் பக்கத்தில் பொருளடக்கத்தை இடும் வரை காத்திருந்து, எந்த அத்தியாயத்தை யார் எழுதியிருக்கிறார் என்று பார்ப்பது நல்லது.

இனி அடியில் உள்ள சிறிய எழுத்துக்கு வருவோம். அங்கே வெளிவரும் மாதம், பக்க எண்ணிக்கை, வரைபடங்களின் எண்ணிக்கை, விலை, விற்பனை உரிமை, நூலை அடையாளம் காட்டும் சர்வதேச எண்ணாகிய ஐ.எஸ்.பி.என். ஆகியன இருக்கும். வரைபடங்கள் எத்தனை என்பதை நான் எப்போதும் பார்க்கிறேன். நிலத்தைப் பற்றிப் பேசும் நூலில் ஒரு வரைபடம்கூட இல்லையென்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

ஐ.எஸ்.பி.என். 2007 தொடக்கத்திலிருந்து 13 இலக்கம் கொண்டது. எண்ணின் தொடக்கத்தில் உள்ள 978க்குப் பின்னர் 0 அல்லது 1 வந்தால் ஆங்கிலமொழி வெளியீடு. 81 அல்லது 93 வந்தால் இந்தியா. 955 அல்லது 624 வந்தால் இலங்கை. ஒரே நூலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கு ஓர் எண், மெல்லட்டைப் பதிப்புக்கு இன்னோர் எண், மின்னூலுக்கு வேறோர் எண். இதைக் கவனியாமல் தலைப்பை மட்டும் சொல்லி ஓடர் கொடுத்ததால், 30 டொலர் என்று நினைத்திருந்த நூலுக்கு 100 டொலருக்குக் கூறுவிலை வந்து, எங்கள் வாசிகசாலையில் ஒரு முறை பெரிய மனத்தாங்கலே ஏற்பட்டது. எண்ணைக் கையால் எழுதிக் கொடுப்பவர்கள் ஒரு சிறு சோதனை செய்யலாம். முதல் இலக்கத்தை 1ஆலும், இரண்டாவதை 3ஆலும், மூன்றாவதை மறுபடியும் 1ஆலும், இப்படி மாறிமாறிப் பதின்மூன்றையும் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகை 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் ஓர் இலக்கம் பிழை.

விலையைப் பொறுத்தவரை, கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் போன்ற பெரிய பதிப்பகங்கள் தனிப்பொருள் ஆய்வுநூல்களைப் பெரும்பாலும் முதலில் நூலகங்களுக்கென்று கெட்டி அட்டையில் 100 டொலரை அண்டிய விலையில் வெளியிடுகின்றன. விற்பனையைப் பார்த்து ஓரிரு ஆண்டுகளுக்குப் பின்னர் மெல்லட்டையில் கொண்டுவருகின்றன. டியூக், கலிபோர்னியா போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் பல நூல்களை இரண்டு அட்டையிலும் ஒரே நாளில் வெளியிடுகின்றன. மெல்லட்டையின் விலை கெட்டி அட்டையின் மூன்றிலொரு பங்கு அளவில் இருக்கும். அவசரம் இல்லாவிட்டால் முதல் வகையில் காத்திருப்பதும், இரண்டாவது வகையில் உடனே மெல்லட்டையைக் கேட்பதும் தகும்.

விற்பனை உரிமை என்ற வரியைக் கண்டு மனம் தளர வேண்டாம். ‘தெற்காசியாவில் விற்பனைக்கில்லை’ என்று போட்டிருந்தால், நம்மை ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் நானும் முதலில் கவலைப்பட்டேன். பெரும்பாலும் அதன் பொருள், இந்தியாவில் உள்ள ஒரு பதிப்பகம் இந்தப் பகுதிக்கான உரிமையை வாங்கியிருக்கிறது, அங்கே குறைந்த விலையில் ஒரு பதிப்பு வரவிருக்கிறது என்பதாகும். ஓரியண்ட் பிளாக்ஸ்வான், பெர்மனென்ட் பிளாக் முதலிய இந்தியப் பதிப்பகங்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகங்களின் நூல்களை இவ்வாறு வெளியிட்டு வந்திருக்கின்றன. அந்தப் பதிப்பின் விலை இந்திய ரூபாயில் இருக்கும், பெரும்பாலும் மூலப் பதிப்பின் விலையில் ஒரு சிறு பகுதியாகவே இருக்கும். எனவே அந்த ஒரு வரியைக் கண்டால் நான் மகிழ்ச்சியோடு குறித்துக்கொள்கிறேன்.

வெளிவரும் மாதம் அமெரிக்காவுக்கு ஒன்றாகவும் பிரித்தானியாவுக்கு ஓரிரு மாதம் பிந்தியும் இருப்பது வழக்கம். ஆண்டின் கடைசியில் வரும் நூலில் பதிப்புரிமை ஆண்டாக அடுத்த ஆண்டு அச்சிடப்பட்டிருப்பதும் உண்டு. கட்டுரையில் மேற்கோள் காட்டும் மாணவர்கள் நூலுக்குள் அச்சிட்டிருக்கும் ஆண்டையே எழுத வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயரைப்போல் ஒலிக்கும் பெயரை வைத்துக்கொண்டு, பட்டம் முடித்த மாணவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஆய்வேட்டை அப்படியே நூலாக்கித் தருகிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் மதிப்பாய்வு இல்லை, திருத்தம் இல்லை. விலை மட்டும் ஆய்வுநூலின் விலை. ஒரு பதிப்பகம் எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் அதற்கு இடம் உண்டா என்பதைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பணமும் வழியும்

பட்டியலில் கண்டவற்றுக்கு நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒரு நூலுக்கு ஒரு பக்கம். மேலே ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஒவ்வொரு பதிப்பின் எண்ணும் விலையும். அதன் கீழே நான் பார்த்த திகதியும் அன்று அறிவிக்கப்பட்டிருந்த மாதமும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும் பார்த்து, மாதம் மாறியிருந்தால் எழுதிக்கொள்வேன். ஆய்வுநூல்கள் தள்ளிப்போவது மிகச் சாதாரணம். சொல்லடைவு பிந்தலாம், படங்களுக்கான அனுமதி பிந்தலாம். ஒரு முறை ஒரு கடையில் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினோம். நூல் மூன்று தடவை தள்ளிப்போயிற்று. அதற்குள் டொலரின் விலை ஏறிவிட்டது. மேலதிகப் பணம் தர வேண்டும் என்றார்கள். எங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. அன்றிலிருந்து, முற்பணம் கட்டுவதானால் ஐ.எஸ்.பி.என். எண், போக்குவரத்துச் செலவு உட்பட மொத்த விலை, எத்தனை மாதம் பிந்தினால் பணம் திருப்பித் தரப்படும் என்ற மூன்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்கிறோம். வெளிவராத நூலுக்கு முழுப் பணம் கட்டுவதை இயன்றவரை தவிர்த்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வெளிநாட்டு நூல்களைத் தருவிக்கும் கடைகள் உள்ளன. அவர்கள் பல நூல்களைச் சேர்த்து ஒரு பொதியாகத் தருவிப்பதால், தனியே ஒரு நூல் கேட்பவரைக் காட்டிலும் ஐந்து பேர் சேர்ந்து கேட்பவர்களுக்குச் செலவு குறையும். இரண்டு வாசிகசாலைகள், ஒரு பாடசாலை, ஓர் ஆசிரியர் என்று சேர்ந்தால் போதும்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலம் தருவிப்பதே நம்மில் பலருக்குப் பழக்கமான வழி. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ, மடுத் திருவிழாவுக்கோ, நல்லூர்த் திருவிழாவுக்கோ வருபவர்களின் பெட்டியில் ஒரு நூலுக்கு இடம் இருக்கும். ஆனால் இவையெல்லாம் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் வருபவை. புரட்டாதியில் வெளிவரும் நூல் அந்தப் பெட்டிகளைத் தவறவிட்டுவிடும்; பிறகு மார்கழி விடுமுறைக்கு வருபவரையோ அடுத்த ஆண்டையோதான் எதிர்பார்க்க வேண்டும். கொப்பியில் மாதத்தைக் குறித்து வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும். ரொறன்ரோவில் இருக்கும் மருமகளிடம் சித்திரையிலேயே எண்ணைக் கொடுத்து, வைகாசியில் வெளிவந்ததும் வாங்கி வைக்கச் சொல்லி, ஆவணியில் கையில் பெற்ற நூல்கள் எங்கள் அலுமாரியில் சில இருக்கின்றன.

பல்கலைக்கழக நூலகங்களை மறக்க வேண்டாம். வவுனியா வளாகம் 2021 ஆவணி (ஓகஸ்ட்) 1ஆம் திகதி முதல் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து இயங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றன. இவற்றின் நூலகங்களுக்கு விரிவுரையாளர்களின் பரிந்துரையின் பேரில் நூல்கள் வாங்கப்படுகின்றன. உங்கள் பழைய மாணவர் ஒருவர் அங்கே படித்துக்கொண்டிருந்தால், அவருடைய விரிவுரையாளரிடம் எண்ணுடன் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். விலை உயர்ந்த கெட்டி அட்டை நூல்களுக்கு இதுவே மிகப் பொருத்தமான வழி.

கைப்பேசியில் வருவன

சென்ற ஆண்டு என்னுடைய பழைய மாணவி ஒருத்தி வந்து, “சேர், புத்தகம் இன்ரநெற்றில இருக்குது, ஆனா வாங்க ஏலாமக் கிடக்குது” என்றாள். அவள் காட்டிய பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்த்தபோது, அந்த நூலைத் திறந்த அணுகலில் இலவசமாகவே வெளியிடவிருக்கிறார்கள் என்று ஒரு வரி இருந்தது. விலைப் பொத்தானைப் பார்த்த அளவில் அவள் திரும்பிவிட்டிருந்தாள். இது அவளுடைய தவறன்று. அந்த வரியை அவ்வளவு சிறிதாகப் போட்டிருந்தார்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2015இல் தொடங்கிய லுமினோஸ் என்ற திட்டத்தின் கீழ் வரும் நூல்கள் எல்லாம் மின்வடிவில் இலவசம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் யு.சி.எல். பதிப்பகம் அதே ஆண்டிலிருந்து தன் நூல்கள் அனைத்தையும் திறந்த அணுகலில் தருகிறது. ஆய்விதழ்களையும் நூல்களையும் இணையத்தில் தரும் ஜேஸ்டோர் 2023இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் சேர்க்கப்படும் பல்கலைக்கழகப் பதிப்பக நூல்கள் வெளிவந்து மூன்று ஆண்டுகளில் எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன. இவ்வகை நூல்கள் பலவற்றையும் ஒரே இடத்தில் தேடுவதற்குத் திறந்த அணுகல் நூல்களின் விவரக்கொத்து ஒன்று இணையத்தில் உண்டு. ஆங்கில எழுத்தில் அதன் சுருக்கப் பெயர் டி.ஓ.ஏ.பி.

இலவச நூலில் பதிப்புரிமைப் பக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள். அங்கே கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின் எழுத்துகள் இருக்கும். ‘பை’ என்று மட்டும் இருந்தால், ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். ‘என்.சி.’ சேர்ந்திருந்தால் விற்கக்கூடாது. ‘என்.டி.’ சேர்ந்திருந்தால் உள்ளபடியே அச்செடுத்துப் பகிரலாம், தமிழாக்கி வெளியிடுவதற்குத் தனியே அனுமதி பெற வேண்டும். நாங்கள் இவ்வாறு ஓர் அத்தியாயத்தை அச்செடுத்துத் தைத்து வாசிகசாலையில் வைத்தோம். டேட்டா போட வசதியில்லாத முதியவர்கள், பேரப்பிள்ளைகளைக் கொண்டு வரிவரியாகத் தமிழில் சொல்லுவித்துக் கேட்டார்கள்.

இலவசம் அல்லாத நூல்களிலும், வெளிவரும் நாளை ஒட்டி முன்னுரை அத்தியாயத்தையோ சொல்லடைவையோ பதிப்பகங்கள் திறந்து வைப்பது உண்டு. சொல்லடைவைப் பார்த்தால் உங்கள் ஊர்ப்பெயர் எத்தனை பக்கங்களில் வருகிறது என்று தெரிந்துவிடும். வாங்குவதா இல்லையா என்று முடிவெடுக்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. மேலும், இளம் ஆய்வாளரின் முதல் நூல் பெரும்பாலும் அவருடைய கலாநிதிப்பட்ட ஆய்வேட்டிலிருந்து வளர்ந்ததாக இருக்கும். அந்த ஆய்வேடு அவருடைய பல்கலைக்கழகத்தின் மின்களஞ்சியத்தில் கிடைக்கலாம். காத்திருக்கும் காலத்தில் அதை வாசிக்கலாம்; ஆனால் ஆய்வேட்டில் கண்டதை நூலில் கண்டதாக மேற்கோள் காட்டக்கூடாது, இடையில் பல திருத்தங்கள் நடந்திருக்கும்.

கடிதம் எழுதுவது

இதுதான் நம்மவர்கள் அதிகம் தயங்கும் வேலை. ஆங்கிலம் பிழைத்துவிடும் என்ற அச்சம் ஒன்று. நம்மை யார் மதிப்பார்கள் என்ற எண்ணம் இன்னொன்று. பதிப்பகத்தில் இருப்பவர்கள் வாசகரின் கடிதத்தை விரும்புகிறவர்கள். நாலு வரி நேராக எழுதினால் போதும். தெற்காசியப் பதிப்பைப் பற்றியானால் உரிமைகள் பிரிவுக்கும், வாங்குவதைப் பற்றியானால் விற்பனைப் பிரிவுக்கும் எழுத வேண்டும். கடிதத்தின் சாரம் தமிழில் சொன்னால் இவ்வாறு அமையும்: “நாங்கள் இலங்கையின் வடக்கே கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள ஒரு கிராம வாசிகசாலையினர். வரும் புரட்டாதியில் நீங்கள் வெளியிடவுள்ள இந்த நூலுக்கான கள ஆய்வு எங்கள் மாவட்டத்தில் நடந்தது. இதற்குத் தெற்காசியப் பதிப்பு உண்டா, உண்டென்றால் வெளியிடுபவர் யார் என்று அறிய விரும்புகிறோம். இல்லையென்றால், எங்களைப் போன்ற நூலகத்துக்குக் கழிவு விலையில் மெல்லட்டைப் பிரதி ஒன்றைப் பெறும் வழியைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.” இதற்கு மேல் வருணனை வேண்டாம். நூலின் எண்ணைக் கட்டாயம் எழுத வேண்டும்.

ஆசிரியருக்கு எழுதும் கடிதம் வேறு. அவர் பணிபுரியும் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் அவருடைய மின்னஞ்சல் இருக்கும். பதிப்பகங்கள் ஆசிரியருக்குச் சில இலவசப் பிரதிகளைக் கொடுக்கின்றன. மேலும் வேண்டுமானால் கழிவு விலையில் அவர் வாங்கலாம். நம் ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்கி எழுதியவர் ஒருவரிடம், ஒரு பிரதி இந்த ஊர் வாசிகசாலையில் இருக்க வேண்டும் என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை. சனங்கள் தங்கள் இழப்பையே சொல்லாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். நான் இதுவரை எழுதியவர்களில் மறுத்தவர் எவரும் இல்லை. இருவர் பதில் எழுதவில்லை, மற்றவர்கள் அனுப்பிவைத்தார்கள். நூல் அச்சுக்குப் போகும் முன்னர் எழுதினால், பிரதிகளைப் பங்கிடும்போது நம் பெயரையும் அவர் நினைவில் வைத்திருப்பார். தமிழ் மொழிபெயர்ப்பு உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்படி அவரிடம் கேட்பதும் நல்லது. ஒப்பந்தம் ஏற்கெனவே முடிந்திருந்தால், உரிமைகள் பிரிவோடு பேசுவதற்கு அவர் துணை நிற்பார்.

நூல் கைக்கு வந்ததும்

பொதியைப் பிரித்தவுடன் பின்னட்டையில் உள்ள எண்ணைக் கொப்பியோடு ஒப்பிட்டு, பக்கங்கள் ஒழுங்காகத் தைக்கப்பட்டிருக்கின்றனவா என்று புரட்டிப் பார்த்துவிட்டு, அன்றே சேர்ப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆண்டு மழைக்காலத்தில் நமது அலுமாரிகளில் கறையானும் ஈரமும் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சுவரோடு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள்.

அடுத்து, வரைபடத்தையும் ஊர்ப்பெயர்களையும் பழைய ஆட்கள் இருவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஒரு நூலில் குளம் ஒன்றை ஏ9 வீதியின் மறுபக்கத்தில் போட்டிருந்தார்கள்; இன்னொன்றில் ஒரு கிராமத்துக்கு அடுத்த கிராமத்தின் பெயர். மதிப்பாய்வு செய்த பேராசிரியர்கள் எவ்வளவு கற்றவர்களாக இருந்தாலும் இது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை; குளத்தடியில் பிறந்தவருக்கு ஒரு பார்வையில் தெரியும். பக்க எண், வரி எண், அச்சிட்டுள்ளது, சரியானது என்று நான்கு நிரலில் ஒரு தாளில் எழுதி ஆசிரியருக்கு அனுப்புங்கள். மெல்லட்டைப் பதிப்பும் தெற்காசியப் பதிப்பும் தனியே அச்சாகும்போது சிறு திருத்தங்களைச் சேர்க்கப் பதிப்பகங்கள் இடமளிப்பதுண்டு. ஆகவே கெட்டி அட்டைப் பிரதி கிடைத்து இரண்டு மூன்று மாதத்துக்குள் அந்தத் தாள் போய்ச் சேர வேண்டும். அதன் ஒரு நகலை நூலின் பின்னட்டைக்குள் ஒட்டி வையுங்கள். பின்னர் வாசிக்கும் மாணவருக்கு அது உதவும்.